தாய்வீட்டுக்குப் போன டீச்சர்

அரைப்பரீட்சை முடிந்த அன்றைக்கு மத்தியானம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கேட்டான்: "லீவுல எங்க சார் போவீங்க?"

"ஊருக்குத்தான்டா. நீ?"

"நானும் ஊருக்குத்தான் சார். ஹாஸ்டல மூடிடுவாங்கல்ல."

அவன் சொன்ன பதிலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு லீவு என்றால் சமையல்கட்டு மூடுகிற நாள். மத்தியானச் சத்துணவும் கிடையாது. டிசம்பர் கடைசியில் கரும்பு வெட்டு சூடு பிடித்திருக்கும். பொங்கல் முடிந்த கையோடு சூளைக்காரன் முன்பணத்தோடு தெருவில் வந்து நிற்பான். லீவில் ஊருக்குப் போகிற பிள்ளை லீவு முடிந்து திரும்பி வருமா என்பது அந்த முன்பணத்தைப் பொறுத்த விஷயம்.

நானும் என் துணைவியும் வாத்தியார் வேலை பார்க்கிறவர்கள். நான் தமிழ், அவர் கணக்கு. கள்ளக்குறிச்சிப் பக்கம் வேலை. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு விடுவதைப் பார்த்து ஊரில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். "ஒங்களுக்கு இன்னாப்பா, வருசத்துல பாதி நாளு லீவு" என்பார்கள். சிரித்து வைப்போம். லீவு விட்டால் எங்கே போவது என்பதுதான் எங்கள் குடும்பத்தின் தீராத சண்டை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அரையாண்டு லீவை யார் வகுத்தார்களோ தெரியாது. ஆனால் அதற்குள் எத்தனை நாட்கள் நம்முடையவை என்று எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 25, 1927: மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட நாள். டிசம்பர் 25, 1968: கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய நாள். ஜனவரி 1, 1818: பீமா கோரேகானில் மகார் சிப்பாய்கள் பேஷ்வா படைக்கு எதிராக நின்ற நாள். பள்ளிக்கூட நாட்காட்டியில் இவை எதுவும் கிடையாது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாட்களிலேயே இவையெல்லாம் வந்து போய்விடுகின்றன. வகுப்பில் பேச வாய்ப்பே இல்லை. பெரும்பாலான வருஷங்களில் பள்ளி திறந்தபின் வருவது ஒரே ஒரு நாள், ஜனவரி 3. சாவித்திரிபாய் பூலே 1831இல் பிறந்த நாள்.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அதிலும், அவர் பள்ளிக்கூடத்தில் இல்லாத நாட்களைப் பற்றியது.

2

ஜோதிராவ், சாவித்திரிபாய் இருவரும் இந்தியாவின் முதல் ஆசிரியத் தம்பதி என்று இப்போது மேடையில் எல்லோரும் சொல்கிறார்கள். சிலை வைக்கிறார்கள். 2014இல் பூனா பல்கலைக்கழகத்துக்கு அம்மையார் பெயரை வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் சிலையாக்கினால் ஒரு வசதி உண்டு. சிலைக்கு அண்ணன் தம்பி கிடையாது, மாமனார் கிடையாது, தாய்வீடு கிடையாது. சாதி எங்கே உட்கார்ந்து சோறு தின்கிறதோ அந்த வீட்டை மறைத்துவிட்டுத்தான் சிலை நிற்கிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். சதாரா மாவட்டம் நாய்காவ் கிராமத்துப் பாட்டீல் மகள் சாவித்திரிபாய். 1840இல் ஒன்பது வயதில் கல்யாணம். ஜோதிராவுக்குப் பதிமூன்று. ரெண்டு பேரும் மாலி சாதி, தோட்டக்காரர்கள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் சொல்லிக்கொடுத்துப் படித்து, அகமத்நகரிலும் பூனாவிலும் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1848இல் பூனா புத்வார்பேட்டில் பீடே என்பவரின் வாடாவில் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் டீச்சர் ஆனார். பள்ளிக்கு நடந்து போகிற வழியில் சாணியும் சேறும் வீசினார்கள். மாற்றுச் சேலை ஒன்றைக் கையில் எடுத்துப் போனார் என்ற செய்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதிகம் பேசப்படாதது அடுத்து நடந்தது. 1849இல் மாமனார் கோவிந்தராவ் இருவரையும் வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். பள்ளிக்கூடத்தை விடு, இல்லையென்றால் வீட்டை விடு. அந்த மனுஷனைத் திட்டிப் பயனில்லை. சாதியின் நெருக்கடி அவர் கழுத்தில் இருந்தது. மகனும் மருமகளும் வீட்டை விட்டார்கள். பூனாவில் இத்தனை இந்து வீடு இருக்க, இடம் கொடுத்தது உஸ்மான் ஷேக் என்ற முஸ்லிம் நண்பர். அவருடைய தங்கை பாத்திமா ஷேக் சாவித்திரிபாயோடு சேர்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். 1850களின் தொடக்கத்தில் மகார், மாங் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகளும் வந்தன. 1852 நவம்பரில் ஆங்கில அரசு ஜோதிராவுக்குச் சால்வை போர்த்திக் கௌரவித்தது. அரசு சால்வை போர்த்தியது, சாதி விலக்கி வைத்தது. ரெண்டும் ஒரே ஊரில், ஒரே சமயத்தில்.

சாவித்திரிபாய் தன் துணைவருக்கு எழுதிய கடிதங்களில் மூன்று நம் கைக்கு வந்திருக்கின்றன. 1856, 1868, 1877. மூன்றிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. மூன்றுமே அவர் பூனாவில் இல்லாதபோது எழுதியவை. சேர்ந்திருந்த நாட்களில் கடிதம் எழுத என்ன அவசியம்? அந்தத் தம்பதியின் உள்பேச்சு நமக்குக் கேட்பதே அவர்கள் பிரிந்திருந்த நாட்களில்தான். ஒன்று உடம்பு சரியில்லாமல் தாய்வீட்டுக்குப் போன லீவு. இன்னொன்றும் தாய்வீடு. மூன்றாவது பஞ்சத்தில் போன பயணம்.

3

1856 அக்டோபர். சாவித்திரிபாய் நாய்காவில் இருக்கிறார். நோய் முற்றித் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார். இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறது. அண்ணன்தான் கண்விழித்துப் பார்த்துக்கொண்டார் என்று முதலில் சொல்லிவிடுகிறார். இதைக் கவனியுங்கள். அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கச்சி மேல் பாசமுள்ளவர். மருந்து கொடுத்த அந்தக் கைதான், கொஞ்சம் தேறியதும், சாதியையும் எடுத்து நீட்டுகிறது.

அண்ணன் சொன்னதன் சாரம் இது: உன்னையும் உன் புருஷனையும் விலக்கி வைத்தது சரிதான். மகாருக்கும் மாங்குக்கும் செய்கிற வேலை நம் குலத்துக்கு இழிவு. சாதி வழக்கப்படி நட, பிராமணர் சொல்வதைக் கேள். பக்கத்தில் இருந்த அம்மா கலங்கிப்போகிறார்.

தங்கச்சி சும்மா இருக்கவில்லை. ஆட்டையும் மாட்டையும் தடவிக்கொடுக்கிறாய், நாகபஞ்சமிக்கு விஷப்பாம்பைப் பிடித்துப் பால் வைக்கிறாய், உன்னையும் என்னையும் போல மனுஷனாய்ப் பிறந்த மகாரையும் மாங்கையும் மட்டும் தொடமாட்டாய், என்ன காரணம் என்று கேட்கிறார். படிப்பில்லாத வாழ்க்கை மிருக வாழ்க்கை, பிராமணரின் மேன்மைக்கு அடிப்படையே அவர்கள் கையில் வைத்திருக்கிற படிப்பு, அதை நம்மவரும் பெற வேண்டும், என் துணைவர் செய்வது அதுதான் என்று விளக்குகிறார். அண்ணன் வெட்கப்பட்டார், அம்மாவும் மனம் மாறினார் என்று கடிதம் சொல்கிறது.

சிகிச்சைக்குப் போன இடத்தில், படுக்கையை விட்டு எழுந்த மறுநாளோ மூன்றாம் நாளோ, அண்ணனுக்கும் அம்மாவுக்கும் வகுப்பு எடுத்திருக்கிறார். டீச்சருக்கு லீவு கிடையாது.

4

இந்தக் கடிதத்தை நான் படித்தது கல்யாணமான இரண்டாவது வருஷம். படித்துவிட்டு ரொம்ப நேரம் புத்தகத்தை மூடிவைத்து உட்கார்ந்திருந்தேன். காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் பறையர் சமூகத்தில் பிறந்தவன். விழுப்புரத்துக்குக் கிழக்கே ஒரு காலனி. என் துணைவி நாமக்கல் பக்கம், அருந்ததியர். அவருடைய அப்பா நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எட். படிக்கும்போது பழக்கம். ரெண்டு பேரும் தலித், இதில் என்ன சாதி மறுப்பு இருக்கிறது என்று வெளியில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

என் அண்ணனும் கெட்டவர் இல்லை. அப்பா செத்த பிறகு கட்டட வேலைக்குப் போய் என்னை எம்.ஏ. வரைக்கும் படிக்கவைத்தவர். அம்பேத்கர் படம் இல்லாத வீட்டில் கையை நனைக்கமாட்டார். ஏப்ரல் 14க்குத் தெருவில் முதல் ஆளாய் நின்று கொடி கட்டுகிறவர். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போனோம். துணைவி அடுப்படிக்குப் போனதும் அண்ணன் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல." ராத்திரி நானும் அவரும் மட்டும் இருக்கையில் சொன்னார்:

"ஊரு நம்மள தள்ளி வச்சுது தம்பி. நீ அதுக்கும் கீழ போயி வுழுந்துட்ட."

2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததிலிருந்து அவர் மனசில் இருந்த கசப்பும் சேர்ந்து வந்தது. "நம்ம பங்குல எடுத்துக்கினானுவோ, இப்ப நம்ம ஊட்டுக்கும் வந்துட்டானுவோ." நான் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கவைத்த அண்ணன், பண்டிகை நாள், அம்மா முகம் வாடிவிடும் என்று எத்தனையோ காரணம். பாம்புக்குப் பால் வைக்கிற கேள்வி என் வாயில் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் துணைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். திரும்பி வருகிற பஸ்ஸில் சொன்னார்: "உங்கண்ணன் பேசுனத நான் பெருசா எடுத்துக்கல. நீங்க பேசாம இருந்தீங்க பாருங்க, அதத்தான் என்னால மறக்க முடியாது."

அதற்குப் பிறகு லீவு விட்டால் எங்கே போவது என்பது எங்கள் வீட்டில் சண்டையானது. மேடையில் பேசுகிறேன், பத்திரிகையில் எழுதுகிறேன். என் வீட்டுத் திண்ணையில் பேச முடியவில்லை. நாய்காவில் அந்த அம்மா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் புரிந்தது அந்த வெட்கத்தில்தான்.

5

இதைச் சொன்ன பிறகு, பூலே தம்பதியை விமர்சனமில்லாமல் கும்பிட்டுவிட்டுப் போகவும் முடியாது. அவர்கள் சூத்திரர்கள். தீண்டப்படாதவர்கள் அல்ல. சாவித்திரிபாய்க்குச் சண்டை போடவாவது ஒரு பாட்டீல் வீடு இருந்தது. அவரிடம் படித்த பிள்ளைகள் லீவுக்கு எங்கே போயிருப்பார்கள்? மகார்வாடாவுக்கும் மாங்வாடாவுக்கும்தான்.

அப்படிப் போன ஒரு பெண்ணின் குரல் நமக்கு இருக்கிறது. முக்தா சால்வே. மாங் சாதிச் சிறுமி, பூலே பள்ளி மாணவி. 1855இல் அவள் எழுதிய கட்டுரை ஞானோதயா பத்திரிகையில் வெளிவந்தது. மாங், மகார் மக்களின் துன்பத்தைப் பற்றியது. பேஷ்வா காலத்தில் கட்டடம் எழுப்ப அஸ்திவாரத்தில் எங்கள் ஆட்களைப் புதைத்தார்கள் என்கிறாள். வேதம் பிராமணருக்கு மட்டும் என்றால் எங்களுக்கு வேதமும் இல்லை மதமும் இல்லை என்று வாதிடுகிறாள். மூன்று வருஷப் படிப்பு எழுதவைத்த கட்டுரை அது. கடிதத்தில் சாவித்திரிபாய் அண்ணனிடம் பேசிய தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முந்தின வருஷம் அவருடைய பள்ளிக்கூடத்து மாணவி எழுதியதையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். டீச்சர் மாணவிக்குக் கொடுத்தது மட்டுமல்ல வரலாறு. மாணவி டீச்சருக்குக் கொடுத்ததும் உண்டு.

இன்னொன்று. முக்தா தன் சாதித் துன்பத்தை மட்டும் எழுதவில்லை. மாங்கையும் மகாரையும் சேர்த்து எழுதினாள். மகாராஷ்டிரத்தில் மகாருக்கும் மாங்குக்கும் நடுவே இருக்கிற தூரம், இங்கே எங்களுக்குள் இருக்கிற தூரத்தைப் போன்றதுதான். கீழே இருந்த சிறுமி ரெண்டு பேரையும் சேர்த்து எழுதினாள். மேலே ஒரு படி இருப்பதாக நினைத்துக்கொள்கிற நாம்தான் பிரித்துப் படிக்கிறோம்.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு பெண்ணும் வருகிறார். நான் இல்லாமல் பாத்திமாவுக்குச் சிரமமாக இருக்கும், ஆனால் அவர் புரிந்துகொள்வார், முணுமுணுக்கமாட்டார் என்ற பொருளில் ஒரு வரி. வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வரியின் கனம் தெரியும். ஒருத்தர் லீவு போட்டால் அந்த வகுப்பையும் சேர்த்து எடுக்கிறவர் இன்னொருத்தர் இருக்கிறார் என்று அர்த்தம். 2025 ஜனவரியில், பாத்திமா ஷேக் என்பது தான் இட்டுக்கட்டிய பாத்திரம் என்று ஒருவர் அறிவித்தார். பலர் கைதட்டினார்கள். ஆனால் இந்தக் கடிதம் அடங்கிய சாவித்திரிபாய் தொகுப்பு மராத்தியில் 1988லேயே அச்சில் வந்துவிட்டது. லீவு போட்ட டீச்சர், தனக்குப் பதில் வகுப்பெடுத்தவரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நன்றி சொல்லத் தெரிந்தவர்கள் எழுதியதை அழிப்பது அவ்வளவு சுலபமல்ல.

6

இரண்டாவது கடிதம் 1868 ஆகஸ்ட். மறுபடியும் நாய்காவ். கணேஷ் என்ற பிராமணப் பையன் பஞ்சாங்கம் பார்த்து ஊர் ஊராய்ப் பிழைக்கிறவன். சர்ஜா என்ற மகார் பெண்ணோடு காதல். அவள் ஆறு மாத கர்ப்பம். ஊர் இருவரையும் பிடித்துத் தெருவில் இழுத்து வந்து கொல்லப் போகிறது. கேள்விப்பட்டு சாவித்திரிபாய் ஓடுகிறார். ஆங்கிலச் சட்டத்தில் கொலைக்கு என்ன தண்டனை என்று சொல்லிப் பயமுறுத்தித் தடுக்கிறார். கொல்லவில்லை, ஆனால் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று தீர்ப்பாகிறது. இருவரையும் உங்களிடம் அனுப்புகிறேன் என்று துணைவருக்கு எழுதுகிறார்.

தாய்வீட்டில் ஓய்வெடுக்கப் போன பெண் செய்கிற வேலையா இது? அந்தக் கூட்டத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் இருந்திருக்கமாட்டார்களா? சாதி ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதற்கெல்லாம் முன்பே ஒரு டீச்சர், தனிச் சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், இருக்கிற சட்டத்தையே கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அதே 1868இல்தான் பூனாவில் தங்கள் வீட்டுக் கிணற்றைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவது கடிதம் 1877 ஏப்ரல், ஜுன்னர் பக்கத்து ஓதூரிலிருந்து. 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம். மாடு கன்று செத்து விழுகிறது, ஜனங்கள் ஊரைக் காலி செய்து போகிறார்கள், பெற்ற பிள்ளையைக் கைவிடுகிறார்கள் என்று எழுதுகிறார். 1873இல் தொடங்கிய சத்யசோதக் சமாஜத் தோழர்கள் நிவாரண வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் போலீஸ் பிடித்தபோது கலெக்டரிடம் நேரில் வாதாடி விடுவிக்கிறார். பஞ்சத்தில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குச் சோறு போடும் முகாம்களை இத்தம்பதி நடத்தினார்கள். சோறு இல்லாமல் பாடம் இல்லை என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. 1882இல் ஹண்டர் கமிஷன் முன்னால் ஜோதிராவ் பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கு என்று கேட்டதற்கும், ஆசிரியர்கள் உழைக்கும் சாதிகளிலிருந்து வரவேண்டும் என்று கேட்டதற்கும் பின்னால் இத்தனை வருஷத்து நடை இருக்கிறது.

7

2024 டிசம்பரில் லீவுச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டினோம். ஊருக்கும் வேண்டாம், நாமக்கல்லுக்கும் வேண்டாம், பூனாவுக்குப் போவோம் என்று துணைவிதான் சொன்னார். அம்மாவையும் கூட்டிப்போவது என்று முடிவு. அண்ணன் மகளும் வருகிறேன் என்று நின்றாள். ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்கு லீவில் கணக்கு சொல்லிக்கொடுப்பது இந்தச் சித்திதான். அதனால்தான் காலாண்டில் தேறினாள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. "போனா போவட்டும்" என்று அண்ணியிடம் சொன்னாராம். சித்தி போடுகிற சோறு ஆகாது, சித்தி போடுகிற கணக்கு ஆகும்.

சேலத்தில் குர்லா எக்ஸ்பிரஸ் ஏறினோம். ஸ்லீப்பரில் மூன்று சீட்டுதான் உறுதியானது, நாலு பேர் நெருக்கிப் படுத்தோம். அம்மா புளிசோறு கட்டி வந்திருந்தது. ரயிலில் முதல் ராத்திரி அம்மாவுக்குத் தட்டில் எடுத்து வைத்தது துணைவி. அம்மா வாங்கிச் சாப்பிட்டது.

பீடே வாடாவைப் பார்க்கலாம் என்று போனால் வாடா இல்லை. நினைவுச்சின்னம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் இடித்துவிட்டார்கள். எதிரே தகடுசேட் கணபதி கோயில். அங்கே பூவும் கூட்டமும் வரிசையும். இந்தப் பக்கம் இடித்த மனை. அண்ணன் மகள், "இங்கதான் ஸ்கூல் இருந்துச்சா சித்தப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை.

கஞ்ச்பேட்டில் பூலே வாடா இருக்கிறது. ஜோதிராவின் சமாதியும் அங்கேதான். முற்றத்தில் அந்தக் கிணறு. 1868இல் திறந்துவிட்ட கிணறு இதுதான் என்று சொன்னதும் அம்மா கிட்டே போய் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன்பாட்டுக்குச் சொல்லத் தொடங்கியது.

"நாங்க சின்னப்புள்ளைல ஊருக் கெணத்தாண்ட கொடத்த வச்சிக்கினு நிப்போம். மனசு வந்தா யாராச்சும் மொண்டு ஊத்துவாங்க. வரலன்னா நின்னுக்கினே இருக்கணும். அப்பறம் நம்ம தெருவுக்குன்னு ஒரு கெணறு வெட்டுனாங்க. நம்ம தெருக் கோடியில நாலு ஊடு சக்கிலியங்க இருந்தாங்க. அவங்க வந்து நிப்பாங்க. அவங்க கொடத்துக்கு நாங்கதான் தூக்கி ஊத்துவோம். கயித்தத் தொடவுட மாட்டோம். நானும் ஊத்திக்கீறேன்."

சொல்லிவிட்டு அம்மா மருமகள் முகத்தைப் பார்த்தது. துணைவி ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றுச் சுவரில் கை வைத்து நின்றார். அப்புறம், "வெயிலா இருக்கு அத்தை, நெழலுக்கு வாங்க" என்று கூட்டிப்போனார். மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

சாதியை அம்பேத்கர் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார். தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்ற சின்ன ஆறுதலுக்காக ஒவ்வொருத்தனும் மேலே இருக்கிற எல்லாப் படியையும் தாங்கிக்கொள்கிறான். எம்.ஏ. பரீட்சையில் நான் இதைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் அம்மா கையில் இருந்த கயிற்றில் அது இருந்தது எனக்குத் தெரியாது. 2024 ஆகஸ்ட் 1இல் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது எங்கள் தெருவில் எழுந்த கோபத்துக்கு என்னென்னவோ அரசியல் காரணம் சொன்னார்கள். சில காரணங்களில் நியாயமும் இருக்கலாம். ஆனால் அந்தக் கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. நம்மைத் தொடவிடாதவனைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறோம். நாம் யாரைத் தொடவிடவில்லை என்பதற்கு ஒரு பக்கமாவது வேண்டாமா?

மறுநாள் எஸ்.டி. பஸ்ஸில் சிர்வல் போய் அங்கிருந்து நாய்காவ் போனோம். ஜனவரி 3க்காகப் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் பிறந்த வீட்டை நினைவகமாக வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். "அண்ணன்கூட சண்ட போட்டாங்கன்னு சொன்னீங்களே, எந்த ரூம்ல?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறு என்னவோ செய்தது. அவள் யாருடைய மகள் என்பது அவளுக்கும் தெரியும்.

8

ஜனவரி 2 பள்ளி திறந்தது. வருகைப் பதிவேட்டில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் இல்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் சாவித்திரிபாயைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். 1897இல் பூனாவில் பிளேக் வந்தபோது, முண்டுவாவிலிருந்து ஒரு மகார் குழந்தையைத் தோளில் தூக்கிப்போய்த் தன் வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தின் வைத்தியசாலையில் சேர்த்தார், அந்த நோய் தொற்றி மார்ச் 10இல் இறந்தார் என்று சொன்னேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். தேடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்த டீச்சரைப் பற்றிப் பேசிவிட்டு, வராத பிள்ளைக்கு "ஆ" போட்டு மூட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் அவன் ஊருக்குப் போனோம். வீடு பூட்டியிருந்தது. குடும்பமே கரும்பு வெட்டப் போயிருந்தது. விசாரித்துப் போய்ப் பார்த்தால் பையன் கட்டு சுமந்துகொண்டு நிற்கிறான். அவனுடைய அப்பா கோபப்படவில்லை. "சோத்துக்கு நீங்க பொறுப்பா சார்?" என்று மட்டும் கேட்டார். ஹாஸ்டல் திறந்துவிட்டது என்றேன். ரொம்ப நேரம் பேசி, பொங்கல் கழித்து அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். அவனுடைய தங்கச்சி வேறு பள்ளியில் ஏழாவது. அவள் திரும்பவில்லை. அவளுக்காக இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போனோம். துணைவி சமைத்தார். அண்ணன் வழக்கம்போலத் திண்ணைக்கு எழுந்தார். இந்தத் தடவை நானும் எழுந்து திண்ணைக்குப் போனேன். பெரிய பேச்செல்லாம் இல்லை. "ஊரு நம்மள பண்ணத நீ இவங்கள பண்றண்ணே. கெணத்தாண்ட அம்மாவே சொல்லிடுச்சு, நானும் சொல்லிட்டேன்" என்றேன். குரல் நடுங்கியது. அண்ணன் என்னைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். உள்ளே அவர் மகள் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பரிமாறியது.

சாவித்திரிபாயின் அண்ணன் வெட்கப்பட்டார் என்று 1856ஆம் வருஷக் கடிதம் சொல்கிறது. என் அண்ணன் இன்னும் வெட்கப்படவில்லை. அடுத்த லீவு மே மாதம்.